அமுக்கராவா, தண்ணீர்விட்டானா, பரிசோதனையா: குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் முதலில் எதைக் கையில் எடுப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. மனைவி பதினான்கு மாதம் தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம் சாப்பிட்டார். மாதவிடாய் நாள் தவறாமல் வந்தது. சூரணம் தொடங்குவதற்கு முன்பும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பதினைந்தாவது மாதம்தான் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 40 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். மூலிகை வேலை செய்யவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கென்னவோ மூலிகை மேல் குற்றமில்லை, அது ஆள் மாறிப் போய்விட்டது என்றுதான் தோன்றியது.

குழந்தை தள்ளிப்போகும்போது எல்லோர் முன்னாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. மூலிகையை மட்டும் நம்பிக் கொஞ்ச காலம் பார்ப்பது, நேராக மருத்துவரிடம் போவது, இரண்டையும் சேர்த்துச் செய்வது. எந்த மூலிகை நல்லது என்று கேட்பவர்கள் அதிகம். உடம்பில் எந்த இடம் தடைப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அதனால் செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த இடங்களைப் பார்த்துவிடலாம்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. ஆணுக்கு எல்ஹெச் விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. எஃப்எஸ்ஹெச் விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. பெண்ணுக்கு இதே இரண்டும் கருமுட்டையை வளர்த்து வெளியே விடுகின்றன. ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவுக்கு ஏறிவிட்டால் பிட்யூட்டரி தானாகவே அடங்கிவிடும். இதைப் புரிந்துகொள்ளாத ஆண்கள்தான், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் குழந்தை சீக்கிரம் பிறக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மேலிருந்து தூண்டுதல் நின்றுபோகும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இந்தப் பாதையைப் பக்கவாட்டிலிருந்து குலைப்பவை மூன்று: பால் சுரப்புக்கான புரோலாக்டின் தேவையில்லாமல் ஏறுவது, தைராய்டு கோளாறு, உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதது. இவை எதிலுமே சேராத காரணங்களும் உண்டு. அடைபட்ட கருக்குழாயை எந்த வேரும் திறக்காது.

செடிகளால் உண்மையிலேயே இந்தப் பாதையைத் தொட முடியுமா? முடியும், சந்தேகமே வேண்டாம். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த பெண் ஆடுகள் கூட்டங்கூட்டமாக மலடாகின. செடியில் இருந்த ஒரு பொருள் ஆட்டின் வயிற்றில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும் பொருளாக மாறியதுதான் காரணம். சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய கிராமங்களில் பிள்ளைப்பேறு குறைந்தது. அதிலிருந்த காசிபால் என்ற பொருளை 1970களில் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். விந்தணு குறைந்தது. ஆனால் பலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. 'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கதைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கெடுக்கத் தெரிந்த செடி இருக்கிறது என்றால் உதவத் தெரிந்த செடியும் இருக்கலாம். ஆனால் எது எந்தப் பக்கம் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், விளம்பரங்களில் அதிகம் திரிக்கப்படுவது அதுதான். வெந்தயத்திலும் காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளிலும் டயாஸ்ஜெனின் என்ற பொருள் உண்டு. 1940களின் தொடக்கத்தில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து அதைப் பிரித்து, ஆய்வகத்தில் பல படிகளில், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனாக மாற்றினார். 1944இல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் நிறுவனம் பிறந்தது; 1951இல் அங்கே உருவான நோரெதிஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளுக்கு வழிவிட்டது. ஆக, கிழங்கிலிருந்து ஹார்மோன் வந்தது நிஜம்தான். ஆனால் மாற்றியது கண்ணாடிக் குடுவை, குடல் இல்லை. அந்த வேதிப்படிகளைச் செய்ய மனித உடம்பில் நொதிகள் கிடையாது. டயாஸ்ஜெனின் இருப்பதால் புரொஜெஸ்டிரோன் கூடும் என்று டப்பாவில் எழுதியிருந்தால், டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

ஆண்களுக்கு: மூன்று செடிகள், மூன்று வேறு வாக்குறுதிகள்

அமுக்கரா என்கிற அசுவகந்தா, பூனைக்காலி விதை, நெருஞ்சில். இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே டப்பாவில் கலந்தே வரும். தனித்தனியாகப் பார்த்தால் தராதரம் நன்றாகவே தெரிகிறது.

அமுக்கராவுக்குத்தான் மனிதர்களிடம் செய்த சோதனைகள் ஓரளவு இருக்கின்றன. 2013இல் வெளியான ஒன்றில் விந்தணு குறைவாக இருந்த 46 ஆண்கள் கலந்துகொண்டார்கள். வேரின் சாற்றை நாளொன்றுக்கு 675 மி.கி. வீதம் 90 நாள் எடுத்தவர்களுக்குச் சராசரி விந்தணு அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 96 லட்சத்திலிருந்து 2 கோடியே 56 லட்சமாக ஏறியது. டெஸ்டோஸ்டிரோன் 17 சதவீதம் கூடியது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மருந்து சாப்பிட்டவர்களிடம் இந்த ஏற்றம் இல்லை. எண்ணைப் பார்த்தால் வாயைப் பிளக்கத் தோன்றும். ஆனால் மூலிகை சாப்பிட்டவர்கள் மொத்தமே 21 பேர்தான். அளந்தது அணுக்களை, எத்தனை பேர் வீட்டில் தொட்டில் கட்டினார்கள் என்பதை அல்ல. எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைத் தணிக்கிறது, விந்தணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கிறது என்று இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டுமே நம்பும்படியாக இருக்கின்றன.

அமுக்கராவின் மறுபக்கம் கல்லீரல். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலைக்கு ஆளான ஐந்து பேரைப் பற்றி 2020இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை; நான்கு பேர் சில மாதங்களில் தேறினார்கள், ஒருவர் பிறகு தொடர்பில் இல்லை. அரிதானதுதான், ஆனால் கல்லீரல் ஏற்கெனவே பழுதானவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. தைராய்டு ஹார்மோனையும் இது ஏற்றிவிடக்கூடும். தைராய்டு குறைவாகச் சுரப்பவருக்கு அது சாதகமாகத் தெரியலாம்; மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அளவு தப்பிப்போகும்; அதிகமாகச் சுரப்பவருக்கு ஆபத்து. டென்மார்க் 2023இல் இந்த மூலிகையையே தடை செய்துவிட்டது. அது கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். ஆனால் தைராய்டும் பாலின ஹார்மோன்களும் அவர்கள் காரணங்களில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூனைக்காலி வேறு ரகம். இதன் விதையில் எல்-டோபா இருக்கிறது, எடையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் வரை. நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துப் பொருள். உடம்பில் அது டோபமைனாக மாறுகிறது. டோபமைன் புரோலாக்டினை அடக்குகிறது. புரோலாக்டின் இறங்கினால் எல்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் தலைதூக்கும். ஒரு மூலிகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான பாதை வேறு எதிலும் எனக்குத் தெரிந்து இல்லை. லக்னோவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் குழந்தையில்லாத 75 ஆண்கள் நாளுக்கு 5 கிராம் விதைப்பொடியை மூன்று மாதம் எடுத்தார்கள். புரோலாக்டினும் எஃப்எஸ்ஹெச்சும் இறங்கின. டெஸ்டோஸ்டிரோனும் எல்ஹெச்சும் ஏறின. போலி மருந்துக் குழு மட்டும் அதில் இல்லை, அது பெரிய குறை. அப்புறம், தெளிவான பாதை என்றால் பக்கவிளைவும் அதே அளவுக்குத் தெளிவாக இருக்கும். மனநோய்க்கான மருந்துகள் பல டோபமைனைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. அவற்றோடு இதைச் சேர்ப்பது ஒருவர் தள்ள மற்றவர் இழுக்கிற கதை. நடுக்குவாத மாத்திரை சாப்பிடுபவருக்கு இது இரட்டிப்பு மருந்து.

நெருஞ்சில்? எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. டெஸ்டோஸ்டிரோனைத் தூக்கும் என்று உலகம் முழுக்க இதை விற்க வைத்தது பல்கேரியாவில் தயாரான மாத்திரை. அதே பல்கேரியாவின் சோஃபியா நகரத்து ஆய்வாளர்கள் 2005இல் 20 முதல் 36 வயது வரையுள்ள ஆரோக்கியமான இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோனும் ஏறவில்லை, எல்ஹெச்சும் ஏறவில்லை. இளைஞர்களின் ஆண் ஹார்மோன் உற்பத்தியை இது மாற்றவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டு எழுதினார்கள். பொறந்த வீட்டிலேயே இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்த பிறகும் உடற்பயிற்சிப் பொடிகளில் இது இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கே விலக்கிவிட வேண்டும். 'ஆண்மை' என்ற ஒற்றைச் சொல்லில் ஆசை, விறைப்பு, டெஸ்டோஸ்டிரோன், விந்தணு எண்ணிக்கை என நான்கையும் அடைத்து விற்கிறார்கள். நான்கும் வேறு வேறு. பெரு நாட்டு மாக்கா கிழங்கைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்ட ஆண்களுக்கு ஆசை கூடியது, டெஸ்டோஸ்டிரோன் அப்படியே இருந்தது. ஆசை கூடினால் எண்ணிக்கையும் கூடியிருக்கும் என்று வைத்துக்கொள்வது வெறும் ஊகம். எனவே குழந்தைக்காகத் தேர்வு செய்பவர், பரிசோதனையில் எண்ணிக்கையோ ஓட்டமோ குறைவு என்று வந்து வேறு காரணம் தென்படாவிட்டால், அமுக்கராவை மூன்று மாதம் பார்க்கலாம். புரோலாக்டின் லேசாக உயர்ந்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் பூனைக்காலி பொருத்தமாகத் தோன்றும். ஆனால் புரோலாக்டின் ஏன் ஏறியது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், ஏனென்றால் பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி இருந்தாலும் அது ஏறும். மூன்று மாதம் என்ற கணக்கு காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது, அதன் பிறகு முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாள். இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது என்று யாராவது சொன்னால் அது விந்தணு சம்பந்தப்பட்ட பலனாக இருக்க முடியாது.

பெண்களுக்கு: பெயரைவிடப் பிரச்சினை முக்கியம்

தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி, பெண்களுக்கான மூலிகைகளின் அரசி என்று பெயர் வாங்கியது. கருத்தரிப்பைக் கூட்டுகிறது என்று காட்டும் பெரிய மனித ஆய்வு எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியாது. தாய்ப்பால் சுரப்புக்காகச் செய்த சிறு சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது. அதில் புரோலாக்டின் ஏறியது. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்: பால் கொடுக்கும் தாய்க்குப் புரோலாக்டின் ஏறுவது நல்லது; கருத்தரிக்கக் காத்திருப்பவருக்கு அது முட்டை வெளியேறுவதைத் தடுக்கும் ஹார்மோன். சாதாரண அளவில் சாப்பிடுபவருக்கு அப்படித் தடை வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஒரே மூலிகை இரண்டு தேவைக்கும் நல்லது என்று சொல்லும்போது கேள்வி கேளுங்கள் என்கிறேன்.

அதற்கு நேர் எதிர் முனையில் வைட்டெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ். மத்தியதரைக்கடல் பகுதிச் செடி, நம் நொச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். குடும்பம் ஒன்று என்பதற்காக நொச்சியை இதற்கு மாற்றாக எடுக்காதீர்கள்; சோதித்தது அந்தச் செடியின் பழத்தைத்தான். ஐரோப்பாவில் இதற்குத் 'துறவி மிளகு' என்று ஒரு பெயர் உண்டு. மடத்தில் இருப்பவர்களின் ஆசையை அடக்க ஒரு காலத்தில் இதைக் கொடுத்தார்கள். இன்று அதே பழம் குழந்தை வேண்டுபவர்களுக்கு விற்கப்படுவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதுவும் பூனைக்காலி போல டோபமைன் வழியாகப் புரோலாக்டினைக் குறைக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவுகளுக்கு 2001இல் 170 பெண்களிடம் செய்த சோதனையில் பாதிப் பேருக்கு மேல் குணம் தெரிந்தது; போலி மருந்துக் குழுவில் கால்வாசிப் பேருக்குத்தான். கருத்தரிப்புக்கு அவ்வளவு உறுதியான சான்று கிடையாது. அளவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரோக்கியமான 20 ஆண்களிடம் பார்த்தபோது குறைந்த அளவு புரோலாக்டினை ஏற்றியது, அதிக அளவு இறக்கியது. 'கொஞ்சமாக எடுத்தால் ஒன்றும் ஆகாது' என்ற நம்முடைய வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது. சோதனைக்குழாய் முறைக்குத் தயாராகும்போது தானாகவே இதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு எதிர்பாராமல் பல முட்டைப்பைகள் ஒரே நேரத்தில் வளர்ந்ததாக 1994இல் ஒரு பதிவு இருக்கிறது. அவர் மருத்துவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொஞ்சம் அதிகம், இன்சுலினுக்கு உடல் பணிவது குறைவு, முட்டை மாதாமாதம் வெளிவருவதில்லை. இங்கே மூன்று சமையலறைப் பொருட்கள் போட்டிக்கு வருகின்றன.

புதினா: 42 பெண்கள் கலந்துகொண்ட சோதனையில் நாளுக்கு இரண்டு முறை 30 நாள் புதினாத் தேநீர் குடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. முகத்தில் முடி குறைந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. மருத்துவர் எண்ணிப் பார்த்தபோது வித்தியாசம் இல்லை. ஒரு மாதத்தில் முடி வளர்ச்சியில் மாற்றம் தெரியாது என்பதும் நியாயம்தான். கருத்தரிப்பை யாரும் அளக்கவில்லை.

அதிமதுரம்: இதன் வேகம் மற்ற இரண்டிலும் இல்லை. இத்தாலியில் 1999இல் ஆரோக்கியமான ஏழு ஆண்களுக்கு நாளுக்கு 7 கிராம் கொடுத்தார்கள்; நான்கே நாளில் டெஸ்டோஸ்டிரோன் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, நிறுத்தியதும் திரும்ப ஏறியது. பிறகு வந்த சோதனைகளில் இறக்கம் இவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும் போகும் திசை அதுதான். ஒன்பது பெண்களிடம் செய்த இன்னொரு சிறு சோதனையில் 3.5 கிராமுக்கே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு இது ஈர்ப்பாகத் தெரியும். ஆனால் அதிமதுரத்தின் இனிப்பைத் தரும் கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நாளுக்கு 100 மி.கி. கிளிசிரைசினுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய நிபுணர் குழு வரையறுத்தது, அந்த அளவைச் சில கிராம் வேரே தாண்டிவிடும். கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண் இருமலுக்கு ஓரிரு நாள் சாப்பிட்டால் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் சாப்பிடுவது விஷயம் வேறு.

லவங்கப்பட்டை: நாளுக்கு 1.5 கிராம், ஆறு மாதம், 45 பெண்கள். மாதவிடாய் முன்பைவிட அடிக்கடி வந்தது. ஆனால் கடைசி வரை நின்றவர்கள் பாதிக்கும் குறைவு. கடையில் கிடைக்கும் தடித்த காசியா வகையில் கூமரின் என்ற கல்லீரலைப் பாதிக்கும் பொருள் அதிகம். மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. மாதக்கணக்கில் எடுப்பதென்றால் இந்த வித்தியாசம் முக்கியம். வெந்தயத்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். சர்க்கரையைக் குறைப்பதில் பலன் உண்டு, அதனால் நீரிழிவு மாத்திரையோடு சேரும்போது தாழ்சர்க்கரையும் வரலாம்.

இந்த மூன்றையும் ஆங்கில மருந்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் 2014இல் முட்டையைத் தூண்டும் லெட்ரசோல், குளோமிஃபீன் என்ற இரண்டு மாத்திரைகளை ஐந்து சுழற்சி வரை சோதித்தார்கள். அங்கே அளந்தது உயிரோடு பிறந்த குழந்தைகளை: லெட்ரசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1 சதவீதம். பட்டைக்கும் புதினாவுக்கும் இப்படி ஓர் எண்ணே கிடையாது. பட்டை கெட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பந்தயத்தில் அது ஓடவே இல்லை. பிசிஓஎஸ் உள்ளவருக்கு உடல் எடை அதிகமாக இருந்து அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு முட்டை தானாகவே வெளிவரத் தொடங்குகிறது. வயது குறைவு, எடை அதிகம், அவசரம் இல்லை என்றால் எடை குறைப்பதோடு பட்டையையோ வெந்தயத்தையோ சேர்த்து ஆறு மாதம் பார்க்கலாம். 35 தாண்டியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சான்றைப் படிக்கும் விதம்

ஆய்வக எண் ஏறுவதும் குழந்தை பிறப்பதும் ஒன்றில்லை என்பதற்கு மூலிகை உலகத்துக்கு வெளியே இருந்து ஓர் உதாரணம். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் விந்தணுவைப் பெருக்கும் என்று சிறு ஆய்வுகள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியில் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பெரிதாகச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் வீட்டில் 34 சதவீதம், சாப்பிடாதவர்கள் வீட்டில் 35 சதவீதம் குழந்தை பிறந்தது. அமுக்கராவின் 21 பேரை நினைத்துக்கொண்டு இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அமுக்கராவும் இப்படி விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அதை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

'எங்கள் அக்கா சாப்பிட்டாள், அடுத்த மாதமே நின்றது' என்ற சாட்சியங்களையும் கணக்கோடு பார்க்க வேண்டும். கருத்தடை இல்லாமல் இணையும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் முதல் வருடத்திலேயே கருத்தரிக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் வருடத்தில். அந்த இரண்டாம் வருடத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் போய்ச் சேரும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

செடி நல்லதாக இருந்தும் டப்பா கெட்டதாக இருக்கலாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2008இல் வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வேண்டுமென்றே உலோகம் சேர்க்கும் வகைகளில் இது அதிகம், ஆனால் வெறும் மூலிகை வகைகளிலும் இல்லாமல் இல்லை. ஈயம் விந்தணுவைக் கெடுக்கும், கருவைப் பாதிக்கும். குழந்தைக்காக வாங்கும் பொடியில் குழந்தைக்கு எதிரி இருப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை! 'ஆண்மை' மாத்திரைகளில் வேறொரு திருட்டு: விறைப்புக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபிலை லேபிளில் சொல்லாமல் கலப்பது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அறியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். உடனே 'வேலை செய்கிறது' என்று தோன்றும் மூலிகை மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். பத்துப் பதினைந்து பொருட்கள் கலந்த கலவையைவிட ஒரே செடி, அதன் எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம், உலோகச் சோதனை முடிவு ஆகியவை எழுதிய பொட்டலம் மேல்.

எது முதலில், எது பிறகு

என் வரிசை இது. மாதக்கணக்கில் ஏதாவது சாப்பிடத் தொடங்கும் முன்பே இருவருக்கும் அடிப்படைப் பரிசோதனை. ஆணுக்கு விந்துப் பரிசோதனை, அதில் வலியும் இல்லை, சுருக்கமாக முடிந்தும் விடும். குழந்தையின்மையில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஆண் பக்கத்துக் காரணம் ஏதோ ஒரு பங்கில் இருக்கிறது. பெண்ணுக்கு தைராய்டு, புரோலாக்டின், முட்டை வெளியேறுகிறதா என்பது. பெண்ணின் வயது 35க்குள் இருந்தால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே. மாதவிடாய் மாதக்கணக்கில் வராதவர், கருக்குழாய் அடைப்போ, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ இருப்பவர், விந்தில் அணுவே இல்லை என்று வந்தவர், இவர்களெல்லாம் அந்த ஒரு வருடத்துக்கும் காத்திருக்கக் கூடாது. இவர்களுக்கு மூலிகையால் போகும் செலவு பணமில்லை, காலம்.

பரிசோதனையில் பெரிதாக எதுவும் சிக்கவில்லை, வயதும் கையில் இருக்கிறது. மூலிகைக்கு உண்மையிலேயே இடம் உள்ளவர்கள் இவர்கள்தான். ஒரு மூலிகை, ஒரு ஆள், மூன்று மாதம், அதன் பிறகு அதே பரிசோதனை மறுபடியும். எண் நகரவில்லை என்றால் அடுத்த டப்பாவுக்குத் தாவ வேண்டாம்.

இரண்டையும் சேர்ப்பவர்கள் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்: சாப்பிடும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் பெயரோடு சொல்வது. திட்டுவார் என்று மறைப்பதால் லெட்ரசோல் அளவை அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும். முட்டையைத் தூண்டும் ஊசிகள் தொடங்கும் மாதத்தில் ஹார்மோனைத் தொடும் எல்லா மூலிகையையும் நிறுத்திவிடுவது நல்லது.

கடைசியாக, நிறுத்தும் நாள் பற்றி. 'கர்ப்பம் உறுதியானதும் நிறுத்திவிடுவேன்' என்று பல பெண்கள் சொல்கிறார்கள். வீட்டுப் பரிசோதனையில் இரண்டாவது கோடு விழும்போது கரு உருவாகி ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும். அமுக்கராவும் அதிமதுரமும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவை என்பதால், அவற்றைச் சாப்பிடும் பெண் முட்டை வெளியேறும் நாளோடு நிறுத்திவிட்டு, மாதவிடாய் வந்தால் மட்டுமே மறுபடி தொடங்க வேண்டும். ஆணுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் தன் மூன்று மாதக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.